சென்னை–சிங்கப்பூர் வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சென்னை–சிங்கப்பூர் வான்வழித் தொலைவு என்பது, சென்னை மீனம்பாக்கத்தில் அமைந்துள்ள பன்னாட்டு வானூர்தி நிலையத்திற்கும் சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையத்திற்கும் இடையே புவியின் மேற்பரப்பை ஒட்டி அளக்கப்படும் மிகக் குறுகிய தொலைவு ஆகும். இது ஏறத்தாழ 2,925 கி.மீ. (1,817 மைல் அல்லது 1,580 கடல் மைல்) ஆகும். இடைநில்லாச் சேவையில் இத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 4 மணி முதல் 4½ மணி நேரம் ஆகிறது. தடத்தின் பெரும்பகுதி இந்தியப் பெருங்கடலின் வடகிழக்குப் பகுதியாகிய வங்காள விரிகுடாவின் மேலும், அந்தமான் கடல், மலாக்கா நீரிணை ஆகியவற்றின் மேலும் செல்கிறது.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் வாழ்வோருக்கு இதுவே தென்கிழக்காசியாவிற்கான முதன்மை வான்வழி. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள பட்டு நெசவு நகரமான ஆரணியிலிருந்து சிங்கப்பூர் செல்வோரும் பெரும்பாலும் சென்னை வழியாகவே செல்கின்றனர். (திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆரணி என்னும் பெயரில் ஒரு பேரூராட்சி உள்ளது, இக்கட்டுரையில் குறிக்கப்படுவது அதுவன்று.)

தொலைவைக் கணக்கிடுதல்

கோளத்தின் மேற்பரப்பில் உள்ள இரு புள்ளிகளுக்கு இடையேயான மிகக் குறுகிய வழி, அக்கோளத்தின் நடுவப்புள்ளி வழியாகச் செல்லும் தளம் மேற்பரப்பை வெட்டும் வட்டத்தின் ஒரு பகுதியாகும். இது பெருவட்டம் எனப்படும். வானூர்தி நிலையங்களுக்கு இடையேயான தொலைவு என்று நூல்களிலும் அட்டவணைகளிலும் தரப்படுவது பெரும்பாலும் இப்பெருவட்டத் தொலைவே.

சென்னை வானூர்தி நிலையம் ஏறத்தாழ 12.99° வட அகலாங்கிலும் 80.18° கிழக்கு நெட்டாங்கிலும், சாங்கி நிலையம் ஏறத்தாழ 1.36° வட அகலாங்கிலும் 103.99° கிழக்கு நெட்டாங்கிலும் உள்ளன. இரண்டின் நெட்டாங்கு வேறுபாடு 23.81° ஆகும். கோள முக்கோணவியலின் கோசைன் விதிப்படி இரு அகலாங்குகளின் சைன்களைப் பெருக்கி, அதனுடன் அகலாங்குகளின் கோசைன்களையும் நெட்டாங்கு வேறுபாட்டின் கோசைனையும் பெருக்கிக் கிடைப்பதைக் கூட்டினால் 0.8966 கிடைக்கிறது. இதனைக் கோசைனாகக் கொண்ட கோணம் 26.29° ஆகும். புவியின் நடுவில் ஒரு பாகைக் கோணம் மேற்பரப்பில் ஏறத்தாழ 111.2 கி.மீ. ஆகையால், தொலைவு 2,920 கி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. புவியை முழுக் கோளமாகக் கொள்வதா, துருவங்களில் சற்றுத் தட்டையான கோளமாகக் கொள்வதா என்பதைப் பொறுத்தும், நிலையத்தின் எப்புள்ளி எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதைப் பொறுத்தும் விடையில் சில கிலோமீட்டர்கள் மாறும். ஒரு நூலில் 2,923 என்றும் மற்றொன்றில் 2,927 என்றும் இருப்பின், அவற்றுள் ஒன்று பிழை என்று பொருளன்று.

உண்மையான பிழைகள் வேறு இடத்தில் நேர்கின்றன. வான்வழித் துறையில் தொலைவு கடல் மைலில் குறிக்கப்படுகிறது. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; ஒரு சாதாரண மைல் 1.609 கி.மீ. ஆகும். 1,580 கடல் மைல் என்பதைச் சாதாரண மைலாகக் கொண்டு மாற்றினால் 2,543 கி.மீ. என்று வரும். இது உண்மைத் தொலைவை விட ஏறத்தாழ 380 கி.மீ. குறைவு, சென்னைக்கும் சேலத்திற்கும் இடையேயான சாலைத் தொலைவை விட அதிகமான பிழை.

நிலப்படத்தில் இரு நகரங்களையும் அளவுகோலால் இணைத்துக் கிடைக்கும் நேர்க்கோடு பெருவட்டம் அன்று. ஆயினும் இத்தடத்தில் அவ்வேறுபாடு மிகச் சிறியது. நிலநடுக்கோட்டிற்கு அருகில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், ஒரே திசைகாட்டிக் கோணத்தில் சென்றாலும் சில கிலோமீட்டர் மட்டுமே கூடும். சென்னையிலிருந்து புறப்படும்போது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 114° ஆக இருக்கும் திசை, சிங்கப்பூரை அடையும்போது 117° ஆகிறது. ஏறத்தாழ 8,235 கி.மீ. நீளமுள்ள சென்னை–இலண்டன் தடத்தில் நிலைமை வேறு. அங்கு பெருவட்டம் நிலப்படத்தின் நேர்க்கோட்டிலிருந்து வடக்கே வெகுதூரம் வளைந்து செல்கிறது.

தடத்தின் கீழுள்ள நிலமும் கடலும்

பெருவட்டத்தை நிலப்படத்தில் பின்தொடர்ந்தால், சென்னைக் கடற்கரையைக் கடந்ததும் ஏறத்தாழ 1,650 கி.மீ. வரை நிலம் எதுவும் இல்லை. அதாவது பயணத்தில் பாதிக்கு மேல் திறந்த கடலே. அதன்பின் தடம் பெரிய நிக்கோபார் தீவின் தென்முனையான இந்திரா முனைக்குச் சற்றுத் தெற்கே செல்கிறது. இந்திய ஒன்றியத்தின் தென்கோடி நிலமான இம்முனை, 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. அங்கிருந்து தடம் சுமாத்திராவின் வடமுனையை ஒட்டிய வே தீவின் அருகே சென்று, ஆச்சே மாநிலத்தின் வடகரையைத் தொட்டு, மலாக்கா நீரிணையை நெடுக்காகக் கடந்து, மலாக்கா நகரத்தின் அருகே மலேசிய நிலத்தை அடைந்து, சொகூர் மாநிலத்தின் மேலாகச் சாங்கியை அடைகிறது.

இப்பெயர்களுள் சில தமிழக வரலாறு படித்தோருக்குப் புதியவை அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பில் வென்ற இடங்களாகக் குறிப்பிடுவனவற்றுள் மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவுகள் என்றும், இலாமுரிதேசம் சுமாத்திராவின் வடமுனை என்றும், கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். முதல் இரண்டும் ஏறத்தாழப் பெருவட்டத்தின் மேலேயே உள்ளன. இது தற்செயல் அன்று. வங்காள விரிகுடாவைக் கடந்து மலாக்கா நீரிணைக்குள் நுழைய வேண்டிய எவருக்கும், கப்பலாயினும் வானூர்தியாயினும், நிக்கோபாருக்கும் சுமாத்திராவிற்கும் இடைப்பட்ட வாயிலே குறுக்குவழி.

வானூர்திகள் பெருவட்டத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. பி574, என்571 போன்ற பெயர்களைக் கொண்ட வகுக்கப்பட்ட வான்வழிகளில், பெயரிடப்பட்ட புள்ளிகளிலிருந்து புள்ளிகளுக்குப் பறக்கின்றன. ஓடுதளத்திலிருந்து எழும் திசை, இறங்கும்போது வரிசையில் காத்திருத்தல், இடிமேகங்களைச் சுற்றிச் செல்லுதல் ஆகியவற்றால் உண்மையில் பறக்கும் தொலைவு எப்போதும் பெருவட்டத் தொலைவை விடச் சற்று அதிகமாகவே இருக்கும். பன்னாட்டு விதிகளின்படி கிழக்கு நோக்கிச் செல்பவை 35,000, 37,000 அடி போன்ற ஒற்றைப்படை உயரங்களிலும், மேற்கு நோக்கி வருபவை 36,000, 38,000 அடி போன்ற இரட்டைப்படை உயரங்களிலும் பறப்பதால், எதிரெதிரே வரும் இரண்டு வானூர்திகளுக்கு இடையே குறைந்தது 1,000 அடி இடைவெளி இருக்கிறது.

பயண நேரம்

இத்தடத்தில் பயன்படும் தாரை வானூர்திகளுள் ஏர்பஸ் எ320 வகை ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 0.78 பங்கு வேகத்திலும், போயிங் 787, ஏர்பஸ் எ350 போன்றவை ஏறத்தாழ 0.85 பங்கு வேகத்திலும் பறக்கின்றன. இவ்வுயரத்தில் இது மணிக்கு 830 முதல் 910 கி.மீ. ஆகும். மணிக்கு 850 கி.மீ. என்று கொண்டால் 2,925 கி.மீ. கடக்க 3 மணி 26 நிமிடம் போதும். ஆனால் அட்டவணையில் 4 மணிக்கு மேல் காட்டப்படுவது ஏன் என்னும் வினா இயல்பாக எழும்.

அட்டவணை நேரம் என்பது வானில் பறக்கும் நேரம் அன்று; நிறுத்துமிடத்திலிருந்து சக்கரங்கள் அசைவது முதல், மறு நிலையத்தின் நிறுத்துமிடத்தில் சக்கரங்கள் நிற்பது வரையிலான நேரம் ஆகும். இதில் ஓடுதளம் வரை ஊர்ந்து செல்லும் நேரமும், முழு வேகத்தை எட்டாமல் ஏறும் நேரமும், வேகத்தைக் குறைத்து இறங்கும் நேரமும் அடங்கும். இவற்றிற்கு 40 முதல் 50 நிமிடங்கள் சேர்த்தால் 4 மணி 10 நிமிடம் அளவில் வருகிறது. இதன்மேல் வானூர்தி நிறுவனங்கள் காலதாமதத்திற்கென ஒரு சிறு இடைவெளியையும் சேர்த்துக்கொள்கின்றன. குறித்த நேரத்திற்கு முன்பே வந்துவிட்டதாக அறிவிக்கப்படும் பயணங்களுள் பல, இந்த இடைவெளி செலவாகாமல் மிஞ்சியவையே.

தொலைவு கணிக்கும் எளிய கருவிகள் பல, எல்லாத் தடங்களுக்கும் மணிக்கு 500 மைல் வேகம் என்று கொண்டு, ஏற்ற இறக்கத்திற்கு அரை மணி சேர்க்கின்றன. இம்முறையில் 4 மணி 8 நிமிடம் கிடைக்கிறது. இத்தடத்திற்கு இது பொருந்தி வந்தாலும், காற்றைக் கணக்கில் கொள்ளாததால் போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரத்தையே அது தரும்.

காற்றின் பங்கு

வானூர்தி காற்றைச் சார்ந்தே பறக்கிறது. தரையைப் பொறுத்த அதன் வேகம், காற்றில் அதன் வேகத்தோடு காற்றின் வேகத்தைக் கூட்டியோ கழித்தோ கிடைப்பதாகும். மணிக்கு 50 கி.மீ. எதிர்காற்று வீசினால் 850 கி.மீ. வேகம் 800 ஆகிறது. இத்தொலைவைக் கடக்க 3 மணி 39 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் வேகம் 900 ஆகி 3 மணி 15 நிமிடம் போதும். வேறுபாடு 24 நிமிடம்.

சூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் தென்னிந்தியாவின் மேல் உயர்வளிமண்டலத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வலிமையான காற்று வீசுகிறது. இது வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று எனப்படும். இந்திய வானிலையாளர் பி. கோட்டீசுவரம் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இதனை உலகுக்கு விளக்கியது. அவர் பின்னர் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார். இக்காற்றின் மையம் வானூர்திகள் பறக்கும் உயரத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் இருந்தாலும், அதன் தாக்கம் கீழும் உணரப்படுகிறது. எனவே அம்மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வருவது விரைவாகவும், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்வது மெதுவாகவும் அமைகின்றன. குளிர்காலத்தில் வலிமையான மேற்குத் தாரைக்காற்று வட இந்தியாவின் மேலேயே இருப்பதால் இத்தடத்தில் அதன் பங்கு குறைவு.

பாய்மரக் கப்பல்களுக்கு இது நேர்மாறாக இருந்தது. தென்மேற்குப் பருவத்தில் கடல்மட்டத்தில் வீசும் காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியது. அது சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கே செல்லும் கப்பலைத் தள்ளிச் சென்றது. வடகிழக்குப் பருவக்காற்றே அக்கப்பலைத் திருப்பிக் கொணர்ந்தது. ஒரே பருவத்தில், ஒரே கடலின் மேல், கீழே கப்பலுக்கு உதவிய திசைக்கு மேலே பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வானூர்திக்குத் தடையான காற்று வீசுகிறது. பருவமழைச் சுழற்சியில் கீழடுக்குக் காற்றும் மேலடுக்குக் காற்றும் எதிர்த்திசையில் இயங்குவதே இதற்குக் காரணம்.

புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கு நோக்கிப் பறக்கும் வானூர்திக்கு ஊர் தானே எதிர்கொண்டு வரும் என்று கருதுவோர் உண்டு. இது தவறு. வளிமண்டலமும் வானூர்தியும் புவியுடன் சேர்ந்தே சுழல்கின்றன. பயண நேரத்தை மாற்றுவது காற்று மட்டுமே.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் உருவாகும் புயல்கள் வேறு வகைத் தாமதத்தை உண்டாக்குகின்றன. 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் அடையாற்று வெள்ளம் சென்னை வானூர்தி நிலையத்திற்குள் புகுந்ததால் நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. இந்நிலையத்தின் இரண்டாம் ஓடுதளம் அடையாற்றின் மேல் கட்டப்பட்ட பாலத்தின்மீது நீள்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

மணி வேறுபாடு

இந்திய நேரம் ஒருங்கிணைந்த உலக நேரத்தை விட 5½ மணியும், சிங்கப்பூர் நேரம் 8 மணியும் முன்னே உள்ளன. ஆகவே சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தை விட 2½ மணி நேரம் முன்னே செல்கிறது. சென்னையில் இரவு 11.00 மணிக்குப் புறப்பட்டு 4 மணி 15 நிமிடம் பறந்தால் இந்திய நேரம் 3.15 ஆகும், சிங்கப்பூர்க் கடிகாரம் அப்போது காலை 5.45 காட்டும். பயணச்சீட்டில் 11.00, 5.45 என்று இருப்பதைக் கண்டு பயணம் ஆறே முக்கால் மணி நேரம் என்று கொள்வது வழக்கமான பிழை. திரும்பும்போது மாலை 8.00 மணிக்குப் புறப்பட்டால் அதே 4 மணி 15 நிமிடத்தில் சென்னையில் இரவு 9.45க்கு இறங்கலாம், சீட்டின்படி பயணம் ஒன்றே முக்கால் மணி நேரமே. போவதையும் வருவதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மையான நேரம் கிடைத்துவிடும்.

கதிரவனைக் கொண்டு கணக்கிட்டால் இவ்வேறுபாடு இவ்வளவு இருக்காது. ஒரு பாகை நெட்டாங்கிற்கு 4 நிமிடம் வீதம் 23.8 பாகைக்கு ஏறத்தாழ 95 நிமிடமே ஆகும். மீதி 55 நிமிடம் அரசுகளின் முடிவால் வந்தது. சென்னைக்குச் சற்றுக் கிழக்கே உள்ள 82½° நெட்டாங்கை இந்தியா தனக்கு அடிப்படையாகக் கொண்டது. இதனால் சென்னைக் கடிகாரம் கதிரவனை விட ஒன்பது நிமிடம் முன்னே உள்ளது. சிங்கப்பூரோ தன் இயற்கை நேரத்தை விட ஒரு மணிக்கும் மேலாக முன்சென்றுள்ளது. 1981 இறுதி வரை அங்கு 7½ மணி வேறுபாடே இருந்தது. மலேசியா தன் நாடு முழுமைக்கும் ஒரே நேரத்தை ஏற்றபோது, 1982 சனவரி 1 முதல் சிங்கப்பூரும் அரை மணி முன்னே நகர்த்திக்கொண்டது. அதற்கு முன் இரு நகரங்களுக்கும் இடையே 2 மணி வேறுபாடே இருந்தது.

வரலாறு

சோழமண்டலக் கரைக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே துணி வணிகம் பல நூற்றாண்டுகள் பழமையானது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துக்கீசியர் தோமே பிரெசு, பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து அங்கு வந்த துணிகளையும், அவ்வணிகத்தில் முன்னின்ற தமிழ் வணிகர்களையும் தம் நூலில் குறித்துள்ளார். பருவக்காற்றை நம்பிய அக்காலத்தில், போவதற்கு ஒரு பருவமும் திரும்புவதற்கு ஒரு பருவமும் தேவைப்பட்டதால் ஒரு சுற்றுப் பயணம் ஓராண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது.

நீராவிக் கப்பல்கள் இதனை நாட்களாகக் குறைத்தன. பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்தின் எஸ். எஸ். இரசூலா 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் ஆகியவற்றிற்கு இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் இது ஏறத்தாழ 5,000 தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. வழித்துறைகளில் நின்று செல்வதால் பயணம் ஒரு வாரம் அளவு நீண்டது. 1973இல் இரசூலா நிறுத்தப்பட்டபின் இந்தியக் கப்பல் கழகத்தின் எம். வி. சிதம்பரம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் இக்கப்பலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதனுடன் இரு நாடுகளுக்கும் இடையேயான வழக்கமான பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. மலிவான தளச்சீட்டில் சென்று வந்த உழைப்பாளர்களுக்கு வானூர்தி அன்றி வேறு வழி இல்லாமற் போயிற்று.

சென்னைக்கு வான் அஞ்சல் 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தொடங்கிய டாட்டா சேவையின் மூலம் வந்தது. பம்பாய் வரை ஜே. ஆர். டி. டாட்டாவும், அங்கிருந்து சென்னை வரை நெவில் வின்சென்ட்டும் ஓட்டினர். 1954இல் ஏர் இந்தியா இன்டர்நேசனல் சூப்பர் கான்சுடலேசன் வானூர்திகளைக் கொண்டு சிங்கப்பூர்ச் சேவையைத் தொடங்கியது. மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகமுள்ள இவ்வுந்துதண்டு வானூர்திக்குச் சென்னை–சிங்கப்பூர்த் தொலைவைக் கடக்க ஆறு மணி நேரம் தேவை. 1960இல் ஏர் இந்தியா போயிங் 707 தாரை வானூர்திகளைப் பெற்றது. அன்று எட்டிய வேகம் இன்றும் ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. அறுபது ஆண்டுகளில் எரிபொருள் செலவும் இரைச்சலும் பெரிதும் குறைந்தன. பயண நேரம் குறையவில்லை.

இக்கடற்பகுதியின் மேல் ஒலியை மிஞ்சிய வேகத்தில் பயணிகள் சென்றதும் உண்டு. 1977 டிசம்பரில் பிரித்தானிய ஏர்வேசும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் இணைந்து இலண்டன்–பகுரைன்–சிங்கப்பூர் தடத்தில் கான்கார்டு வானூர்தியை இயக்கின. மலாக்கா நீரிணையின் மேல் எழும் ஒலியதிர்ச்சியை மலேசியா எதிர்த்ததால் மூன்று பயணங்களுடன் அது நின்றது. 1979 சனவரியில் மீண்டும் தொடங்கி 1980இல் முடிவுற்றது. சென்னைக்கு அது வந்ததில்லை.

சிங்கப்பூரில் இறங்குமிடமும் மாறி வந்துள்ளது. 1937இல் திறக்கப்பட்ட காலாங், 1955இல் திறக்கப்பட்ட பாய லேபார் ஆகியவற்றிற்குப் பின் 1981 சூலை 1 முதல் சாங்கி பயன்பாட்டில் உள்ளது. பழைய நூல்களில் காணப்படும் தொலைவு இன்றையதிலிருந்து சில கிலோமீட்டர் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆரணியிலிருந்து பயணம்

ஆரணி, கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த நகராட்சியாகும். பட்டுப்புடவை நெசவிற்கும் நெல் அரவைக்கும் பெயர்பெற்றது. ஆரணிப் பட்டு இந்தியப் புவியியல் குறியீட்டுப் பதிவைப் பெற்றுள்ளது. இங்கு வானூர்தி நிலையம் இல்லை. ஆகவே 'ஆரணி–சிங்கப்பூர் வான்வழித் தொலைவு' என்று கணிப்புக் கருவிகள் தரும் ஏறத்தாழ 3,000 கி.மீ. என்னும் எண், இரு ஊர்களுக்கும் இடையே வரைந்த கற்பனைக் கோட்டின் நீளமே. அவ்வழியில் எவரும் பயணம் செய்வதில்லை.

ஆரணியிலிருந்து சென்னை வானூர்தி நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 104 கி.மீ.; சாலை வழியாக ஏறத்தாழ 130 கி.மீ. ஆற்காடு சென்று அங்கிருந்து பெங்களூர்–சென்னை தேசிய நெடுஞ்சாலை வழியாகவோ, செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகவோ செல்லலாம். போக்குவரத்தைப் பொறுத்து மகிழுந்தில் மூன்று மணி நேரம் ஆகும். பேருந்தில் அதற்கும் மேல். தொடர்வண்டி நிலையம் ஊருக்குள் இல்லை. விழுப்புரம்–காட்பாடி இருப்புப்பாதையில் உள்ள 'ஆரணி சாலை' நிலையம் களம்பூரில் உள்ளது.

பன்னாட்டுப் பயணத்திற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. சாலையில் மூன்று மணி, நிலையத்தில் மூன்று மணி, வானூர்தியில் நாலேகால் மணி, சாங்கியில் குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிகளைப் பெறவும் ஒரு மணி, நகருக்குள் செல்ல அரை மணி முதல் ஒரு மணி எனக் கூட்டினால் ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகிறது. இதில் கடலைக் கடப்பதற்கு ஆவது மூன்றில் ஒரு பங்கே. மொத்தத் தொலைவில் நூற்றுக்கு நான்கு பங்கு மட்டுமே உள்ள ஆரணி–சென்னைச் சாலை, மொத்த நேரத்தில் கால் பங்கை எடுத்துக்கொள்கிறது.

இக்கணக்கு வெறும் கணக்கன்று. கட்டுமானம் முதலிய பணிகளுக்காகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து சிங்கப்பூர் சென்றுள்ளோர் பலர். வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார் என்னும் செய்தி நள்ளிரவில் கிடைத்தால், விடுப்பும் இருக்கையும் உடனே கிடைக்குமாயின், மறுநாள் மாலைக்குள் ஆரணி வந்துசேர இயலும். இறுதிச் சடங்கை அதுவரை நிறுத்தி வைப்பதும் இயலும். இரசூலா ஓடிய காலத்தில் தந்தி கிடைத்தவர் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, ஒரு வாரம் கடலில் கழித்து வர வேண்டும். பதினாறாம் நாள் சடங்கிற்கு வந்து சேர்வதே அன்று அரிது.

பட்டு வணிகத்தில் நேரத்தின் பொருள் வேறு. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா பகுதியில் தமிழகப் பட்டுப்புடவைகள் விற்கும் கடைகள் உள்ளன. புடவை எடை குறைவாகவும் விலை மிகுதியாகவும் உள்ள சரக்கு; ஆகவே வான்வழிக் கட்டணத்தைத் தாங்கும். அரிசி தாங்காது, அது இன்றும் கப்பலிலேயே செல்கிறது. கருநாடகத்திலிருந்து வரும் பட்டுநூலும் சூரத்திலிருந்து வரும் சரிகையும் ஆரணித் தறியில் பாவும் ஊடையுமாகச் சேர்ந்து ஒரு புடவை ஆவதற்கு, வேலைப்பாட்டைப் பொறுத்துப் பல நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். எனவே வானூர்தி அரை மணி முந்துவதாலோ பிந்துவதாலோ நெசவாளருக்கு மாற்றம் இல்லை. திருமண நாளுக்குள் குறிப்பிட்ட நிறத்தில் புடவை வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அதனை அனுப்ப இயலுமா என்பதே வினா. கப்பல் காலத்தில் இயலாததாக இருந்த இது, வான்வழிச் சரக்குப் போக்குவரத்தால் இயல்வதாயிற்று.

பிற வழிகள்

திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடிச் சேவைகள் உண்டு. அத்தடத்தின் பெருவட்டத் தொலைவு ஏறத்தாழ 2,980 கி.மீ. ஆகும். காவிரிப் படுகை மாவட்டத்தாருக்கு இது உகந்தது. ஆரணியினருக்குச் சாலைத் தொலைவு கூடும். சென்னையிலிருந்து 2,630 கி.மீ. தொலைவில் உள்ள கோலாலம்பூர் சென்று, அங்கு மாறிச் செல்வோரும் உளர். கட்டணம் குறையலாம், காத்திருக்கும் நேரத்தால் மொத்தப் பயணம் பெரிதும் நீளும்.

சென்னையின் இரண்டாம் வானூர்தி நிலையத்தைக் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் அமைக்கப்போவதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. அவ்விடம் ஆரணியிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. பன்னாட்டுச் சேவைகள் அங்கு மாறுமாயின், வானில் செல்லும் தொலைவு சிறிது கூடினும் ஆரணியினரின் சாலைப் பயணம் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் இத்திட்டத்திற்காக விளைநிலங்களையும் நீர்நிலைகளையும் குடியிருப்புகளையும் இழக்க நேரும் ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள், அறிவிப்பு வந்த ஆண்டு முதலே இதனை எதிர்த்துப் போராடி வருகின்றனர்.